அலெக்ஸா சேமித்த குரல் பதிவுகளை அழிப்பது எப்படி?

அலெக்ஸா என்ற குரல் உதவியாளர் இயங்கும் அமேசான் எக்கோ ஸ்பீக்கர், வீட்டுப் பேச்சு முழுவதையும் அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. ‘அலெக்ஸா’ என்ற அழைப்புச் சொல் ஒலிக்கிறதா என்று கருவிக்குள்ளேயே கவனிக்கிறது. ஒலித்ததும் நீல விளக்கு எரியும். அதன் பிறகு பேசுவது இணையம் வழியே அமேசான் சர்வருக்குப் போகும். தொல்லை என்னவென்றால், தொலைக்காட்சித் தொடரில் அதைப் போன்ற சொல் வந்தாலும் விழித்துக்கொள்ளும். அந்தப் பதிவும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

அலெக்ஸா செயலியில் ‘மோர்’ பகுதிக்குள் ‘அலெக்ஸா பிரைவசி’யைத் திறங்கள். குரல் வரலாற்றில் ஒவ்வொரு பதிவையும் கேட்டுப் பார்த்து அழிக்கலாம். (பிள்ளைகள் அதனிடம் என்னவெல்லாம் கேட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்!) 3 மாதமோ 18 மாதமோ கழித்துத் தானாக அழியும்படியும் வைக்கலாம். பதிவுகளைச் சேமிக்கவே வேண்டாம் என்ற தேர்வும் உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். குரலை வைத்து ஆளை அடையாளம் காணும் வசதி மட்டும் அப்போது கிடைக்காது. பேச்சைச் சர்வருக்கு அனுப்பாமலே கையாளும் தேர்வு அமெரிக்காவில் சில மாடல்களுக்கு இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அதை அமேசான் நிறுத்திவிட்டது.

பணம், மருத்துவம் என்று வீட்டு விஷயம் பேசும்போது ஸ்பீக்கரின் மேலுள்ள மைக் பொத்தானை அழுத்துங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது.