ஷ்ராப்ஷயரில் மூன்று நாள்: கிழமை பார்த்துத் திட்டம் போடுவது எப்படி

பர்மிங்காமில் ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஷ்ரூஸ்பரி வந்துவிடும். ஷ்ராப்ஷயர் கவுன்டியின் தலைநகர் அதுதான். மேற்கே வேல்ஸ் எல்லை, நடுவே செவர்ன் ஆறு, தெற்கே மலைகள். மற்றபடி மேய்ச்சல் நிலமும் ஆடுகளும் சின்னச் சின்னச் சந்தை ஊர்களும். இங்கிலாந்தின் கிராமப்புறத்தை முதன்முதலாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் இது. கார் இல்லாமலே பெரும்பகுதியைச் சுற்றிவிடலாம். கூட்டம் குறைவு. சாப்பாடு அருமை.

ஆனால் லண்டனுக்குத் திட்டம் போடுகிற மாதிரி இதற்குப் போட முடியாது. லண்டனில் எந்த நாள் போய் இறங்கினாலும் ஊர் விழித்திருக்கும். இங்கே ஒவ்வோர் ஊருக்கும் அதற்கென்று சந்தைக் கிழமை உண்டு. அந்த நாளில் போனால் சதுக்கம் நிறையக் கடைகள், பேச்சு, வாசனை. மறுநாள் போனால் வெறும் கார் நிறுத்துமிடம். அதனால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, காலண்டரிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: எந்த நாள் எந்த ஊர்?

லட்லோவில் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் கோட்டைச் சதுக்கத்தில் சந்தை கூடும். ஷ்ரூஸ்பரியின் உள்ளரங்கச் சந்தை சனிக்கிழமை நன்றாகக் களைகட்டும், ஞாயிறு மூடியிருக்கும். மார்க்கெட் ட்ரேட்டனுக்குப் புதன்கிழமை. அந்த ஊருக்குச் சந்தை நடத்தும் அரச உரிமை 1245-இல் கிடைத்தது, புதன் சந்தை இன்றும் நடக்கிறது. மலைக்குக் கிழமை கிடையாது.

இதை வைத்துப் பார்த்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற வரிசை தானாகவே கிடைக்கிறது: வெள்ளி லட்லோ, சனி ஷ்ரூஸ்பரி, ஞாயிறு மலை. வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் போதும். மார்க்கெட் ட்ரேட்டனில் ரயில் நிலையம் இல்லை, பஸ்ஸில்தான் போக வேண்டும். புதன்கிழமை கையில் இருந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: தங்குவது ஷ்ரூஸ்பரியில்

லட்லோ அழகான ஊர்தான், ஆனால் முதல்முறை வருகிறவர்கள் ஷ்ரூஸ்பரியில் தங்குவதே நல்லது. ரயில் பாதைகள் கூடும் இடம் அது. அங்கிருந்து தெற்கே ஹெரிபோர்டு போகும் ஒரே பாதையில் சர்ச் ஸ்ட்ரெட்டன், க்ரேவன் ஆர்ம்ஸ், லட்லோ மூன்றும் வரிசையாக வருகின்றன. சர்ச் ஸ்ட்ரெட்டனுக்குக் கால் மணி, லட்லோவுக்கு அரை மணி அளவு. எல்லா ரயிலும் க்ரேவன் ஆர்ம்ஸில் நிற்காது, ஏறும் முன் பலகையைப் பாருங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஃபேமிலி அண்டு ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 விழுக்காடும் குறையும்.

படி 3: வெள்ளிக்கிழமை லட்லோ

காலையில் ரயிலை விட்டு இறங்கி மேட்டில் ஏறினால் கோட்டைச் சதுக்கம். முதலில் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், எதையும் வாங்க வேண்டாம். இரண்டாவது சுற்றில் வாங்குங்கள். ரொட்டி, சீஸ், ஆப்பிள், ஒரு துண்டு பை (மாவு உறைக்குள் பொருள் வைத்துச் சுடும் பண்டம்). மதியச் சாப்பாடு முடிந்தது.

இந்தப் பக்கத்துக்கே உரிய பை ஒன்று உண்டு, ஃபிட்ஜெட் பை. பன்றித் தொடைக்கறி, ஆப்பிள், வெங்காயம் மூன்றையும் மாவு உறைக்குள் வைத்துச் சுடுவார்கள். சைடர் என்கிற ஆப்பிள் மதுவும் கொஞ்சம் சேர்ப்பதுண்டு. உப்புக் கறிக்கும் புளிப்பு ஆப்பிளுக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஆறிய பிறகும் நன்றாக இருக்கும்.

சீஸ் கடையில் ஆரஞ்சு நிறத்தில் நீல நரம்போடிய ஒரு கட்டி கண்ணில் படும். அது ஷ்ராப்ஷயர் புளூ. பெயர்தான் ஷ்ராப்ஷயர், 1970-களில் முதலில் செய்தது ஸ்காட்லாந்தில். அன்னாட்டோ என்னும் விதைச் சாயத்தால் அந்த நிறம் வருகிறது. பிறந்த ஊர் எதுவானால் என்ன, சாப்பிட வேண்டிய சீஸ். ஓரிடத்தில் நின்று சுவைத்துப் பார்க்கக் கேளுங்கள், கொடுப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் எந்தச் சீஸ் வாங்கினாலும் வெஜிடேரியன் ரென்னட்டா என்று கேட்டுவிடுங்கள். பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சில சீஸ்களில் சேர்க்கிறார்கள்.

அப்புறம் கோட்டை. சந்தைக் கடைகளின் முதுகுக்குப் பின்னாலேயே வாசல் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் நார்மானியர் கட்டத் தொடங்கியது. இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஆர்தர் 1502-இல் இங்கேதான் இறந்தார். அவர் இறந்ததால்தான் தம்பி எட்டாம் ஹென்றி அரசனானார். வழிகாட்டிப் பலகைகள் இதையெல்லாம் நன்றாகச் சொல்லும்.

தமிழ் வாசகர்கள் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று. பாழடைந்து கிடந்த இந்தக் கோட்டையை 1811-இல் அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் போவிஸ் பிரபு எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-இல், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801-இல். இரண்டும் இவர் ஆட்சிக் காலத்தில். திப்பு சுல்தானை வென்றதன் நினைவாக சென்னையில் இவர் கட்டிய விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். கோட்டை இன்றும் அந்தப் போவிஸ் குடும்பத்தின் எஸ்டேட்டிடம்தான் இருக்கிறது. கோபுரத்தில் ஏறிச் சுற்றியுள்ள பச்சை நிலத்தைப் பார்க்கும்போது பாளையக்காரர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் வரலாறும் நம் ஊரின் வரலாறும் தொட்டுக்கொள்ளும் இடம் இது. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்குக் கோட்டை இன்னும் ஆழமாகத் தெரியும்.

நேரம் இருந்தால் திரும்பும் வழியில் க்ரேவன் ஆர்ம்ஸில் இறங்கி, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து ஸ்டோக்சே கோட்டையைப் பாருங்கள். கம்பளி வியாபாரி லாரன்ஸ் என்பவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிக்கொண்ட வீடு. போருக்குக் கட்டிய கோட்டைகளில் இல்லாத ஒரு இதம் இதில் உண்டு. மூடும் நேரத்தை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துவிடுங்கள், குளிர்காலத்தில் குறைந்த நாள்களே திறப்பார்கள்.

படி 4: பப்பில் சாப்பிடும் முறை

கிராமத்து பப்பில், அதாவது மதுவும் சாப்பாடும் கிடைக்கும் விடுதியில், சமையலறைக்கு நேரம் உண்டு. பெரும்பாலும் பகல் 12 முதல் 2 அல்லது 2.30 வரை, மாலை 6 முதல் 9 வரை. மூன்றரை மணிக்குப் பசியோடு போனால் பொட்டலம் சிப்ஸ்தான் கிடைக்கும்.

உள்ளே போனதும் இடம் பிடித்து உட்காருங்கள். மேசை எண்ணைக் குறித்துக்கொண்டு கவுன்டருக்குப் போய்ச் சொல்லுங்கள். பணமும் பெரும்பாலும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் நேரம்தான் போகும். மது குடிக்காதவர்கள் போகக் கூடாத இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. குடும்பத்தோடு, குழந்தைகளோடு வந்து சாப்பிட்டுப் போகும் இடம் அது. எலுமிச்சைச் சாறு சோடா கேட்டாலும் சிரித்த முகத்தோடு தருவார்கள்.

சைவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்ததா? சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரித்தது? மெனுவில் சைவக் குறி இருந்தாலும் இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஞாயிறு மதிய ரோஸ்ட் சாப்பாட்டுக்கு முன்பதிவு கட்டாயம். வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்துவிடுங்கள்.

படி 5: சனிக்கிழமை ஷ்ரூஸ்பரி

செவர்ன் ஆறு இந்த ஊரை ஒரு குதிரை லாடம்போல் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அதனால் வழி தவறினாலும் கவலை இல்லை, எந்தப் பக்கம் நடந்தாலும் ஆறு வந்துவிடும். மரச்சட்டம் போட்ட கறுப்பு வெள்ளை வீடுகள், அவற்றுக்கு நடுவே இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவே அகலமுள்ள சந்துகள். வரைபடத்தைப் பையில் வைத்துவிட்டு நடக்கத் தகுந்த ஊர்.

காலையில் சந்தை அரங்கு. கட்டடம் 1965-இல் திறந்தது, வெளியே பார்த்தால் பழைய ஊருக்குச் சற்றும் ஒட்டாத செங்கல் கட்டடம். உள்ளே மாடிக்கு ஏறுங்கள். காய்கறி, மீன், சீஸ் கடைகளுக்கு நடுவே பல நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள். பிரிட்டனின் மனங்கவர்ந்த சந்தை என்ற விருதை இது ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாங்கியிருக்கிறது. பிற்பகலில் கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள், பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

ஷ்ரூஸ்பரி பிஸ்கட் வாங்காமல் வர வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் புனே ஷ்ரூஸ்பரி பிஸ்கட் என்று விற்பதற்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். வெண்ணெய், சர்க்கரை, மாவு, எலுமிச்சை மணம், அவ்வளவுதான் பொருள்.

சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. ராபர்ட் கிளைவ். 1725-இல் மார்க்கெட் ட்ரேட்டனுக்குப் பக்கத்தில் பிறந்து, 1744-இல் சென்னைக்குக் கணக்கராக வந்து, 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து முற்றுகையைத் தாங்கி நின்றவர். பின்னாளில் இந்த ஊரின் பாராளுமன்ற உறுப்பினர், மேயர். 2020-இல் சிலையை அகற்றச் சொல்லிப் பல ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள், உள்ளூர் மன்றம் வைத்திருக்க முடிவு செய்தது. ஆற்காட்டையும் வேலூரையும் தெரிந்த நமக்கு இந்தச் சிலையைக் கடந்து சும்மா போக முடியாது. பிள்ளைகளோடு வந்திருந்தால் பாடப்புத்தகத்தில் வந்த பெயர் இவர்தான் என்று காட்டி, அவர் அங்கே செய்ததையும் சொல்லுங்கள்.

இந்த ஊர் பெருமைப்பட வேண்டியவர் என்று நான் நினைப்பது இன்னொருவரை. சார்லஸ் டார்வின் 1809-இல் இங்கே பிறந்தார். அவர் படித்த பள்ளிக் கட்டடம் இப்போது நூலகம், வாசலில் அவர் சிலை. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது.

படி 6: ஞாயிற்றுக்கிழமை மலை

சர்ச் ஸ்ட்ரெட்டனில் இறங்கினால் மலை அடிவாரம். லாங் மிண்ட் என்னும் நீண்ட மேட்டுநிலம், உச்சி 516 மீட்டர். ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் கார்டிங் மில் பள்ளத்தாக்கு. நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் இடம், தேநீர்க் கடை, கழிப்பறை எல்லாம் உண்டு. அங்கிருந்து ஓடைக்கரையோடு ஏறி லைட்ஸ்பவுட் என்னும் சின்ன அருவி வரை போய்த் திரும்புவது புதியவர்களுக்குப் போதுமான நடை. தெம்பு இருந்தால் மேலே ஏறி உச்சி வரை போகலாம். அங்கே நின்றால் வேல்ஸ் மலைகள் தெரியும்.

ஜூலை கடைசியில் ஆகஸ்டில் போனால் புதர்களுக்குள் கருநீல வின்பெரிப் பழம் பழுத்திருக்கும். ஒரு காலத்தில் இங்குள்ள குடும்பங்கள் பிள்ளைகளோடு மலையேறிப் பறித்து விற்று, அந்தப் பணத்தில் செருப்பும் துணியும் வாங்கின. பழம் சிறிது, பறிக்கக் கை வலிக்கும், விரல் எல்லாம் சாயம் ஏறும். கடையில் வின்பெரி பை கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். இந்த மலையின் சுவை அதில்தான் இருக்கிறது.

சேற்றுக்குத் தாங்கும் ஷூ, மழைக்கோட்டு இரண்டும் வெயில் நாளிலும் வேண்டும். மேலே போனில் சிக்னல் நம்ப முடியாது. ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்புளோரர் 217 வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் கேட் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், ஆடுகள் வெளியே போய்விடும். காரில் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பர்வே என்னும் மலைப்பாதை ஒரு கார் அகலமே உள்ளது, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 7: இன்னொரு நாள் கிடைத்தால்

அயன்பிரிட்ஜுக்கு முழு நாள் வேண்டும். லட்லோவோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டும் பாழாகும். டெல்ஃபர்டு சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகக் குறைவு.

பக்கத்துக் கோல்புரூக்டேலில் 1709-இல் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாகக் கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) போட்டு இரும்பு உருக்கினார். மரக்கரியை நம்பியிருந்த தொழில் அதன்பின் வேகம் பிடித்தது. அவருடைய பேரன் 1779-இல் செவர்ன் ஆற்றின் குறுக்கே வார்ப்பிரும்பில் பாலத்தை எழுப்பினார், 1781 புத்தாண்டு அன்று திறந்தார்கள். முப்பது மீட்டர் நீளத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது. ஆணி, போல்ட் அடிப்பதற்குப் பதிலாகத் தச்சர்கள் மரத்தை இணைக்கும் முறையிலேயே இரும்புத் துண்டுகளைச் செருகிப் பூட்டியிருக்கிறார்கள். அடியில் போய் நின்று அந்த மூட்டுகளைப் பாருங்கள். நடந்து கடக்கக் கட்டணம் இல்லை. 1986-இல் இந்தப் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பக்கத்தில் பிளிஸ்ட்ஸ் ஹில் என்னும் விக்டோரியா கால ஊர் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். அங்கே பொரிக்கும் மீனும் சிப்ஸும் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பில். தவிர்ப்பவர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள்.

படி 8: திருவிழா பார்த்துப் போவதாக இருந்தால்

லட்லோ உணவுத் திருவிழா 1995-இல் தொடங்கியது, செப்டம்பரில் கோட்டைக்குள் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும். ஊர்க் கசாப்புக் கடைகள் ஒவ்வொன்றும் ஒரு சாசேஜ் செய்து வைக்கும், கடை கடையாய்ப் போய்ச் சுவைத்து எது சிறந்தது என்று வாக்களிக்கலாம். அந்த வார இறுதியில் லட்லோவில் அறை கிடைப்பது கஷ்டம். ஷ்ரூஸ்பரியில் தங்கி ரயிலில் போய் வருவதுதான் வழி. ஆகஸ்டு முதல் வியாழன் பர்வார்ட்டன் விவசாயக் கண்காட்சி: காளை, ஆடு, குதிரை, டிராக்டர். ஆகஸ்டு கடைசிப் பொது விடுமுறையை ஒட்டி ஷ்ரூஸ்பரி நாட்டுப்புற இசைவிழா. ஜூலையில் மச் வென்லாக் ஊரில் ஒலிம்பியன் விளையாட்டு. வில்லியம் பென்னி புரூக்ஸ் என்னும் மருத்துவர் 1850-இல் தொடங்கியது. இன்றைய ஒலிம்பிக்குக்கு வித்திட்ட பிரெஞ்சுக்காரர் கூபெர்தான் 1890-இல் வந்து பார்த்துவிட்டுப் போனார், அவர் முயற்சியில் ஏதென்ஸ் ஒலிம்பிக் நடந்தது 1896-இல்.

எந்தத் திருவிழாவானாலும் அந்த ஆண்டின் தேதியை அவர்களுடைய இணையதளத்தில் உறுதி செய்துகொண்டு முதலில் அறையைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் ரயில் டிக்கெட், கடைசியாக நுழைவுச்சீட்டு. சிறிய ஊர்களில் முதலில் தீர்ந்துபோவது அறைகள்தான்.