நோய் தாங்கும் பைன் மரம்: உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைன் மரத்தில் நோய் எதிர்ப்பு மரபணு ஒன்றைச் சேர்ப்பதைப் பயிரில் சேர்ப்பது போலத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆய்வக வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பயிர் சில மாதங்களில் அறுவடையாகிவிடும். எதிர்ப்பு உடைந்துபோனால் அடுத்த பருவத்துக்கு வேறு விதை போடலாம். பைன் நட்ட இடத்திலேயே நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். அதைத் தாக்கும் பூஞ்சையோ ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வித்துகளை (ஸ்போர்களை) பரப்பிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான தவறுகள் இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை.

அவற்றில் பெரியது, ஒற்றை மரபணுவை நம்பிவிடுவது. வட அமெரிக்காவின் சுகர் பைனுக்கு நடந்ததைப் பாருங்கள். 1900களின் தொடக்கத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு கொப்புளத் துரு நோய் அந்தக் கண்டத்துக்குள் நுழைந்தது. காரணம் குரோனார்ட்டியம் ரிபிகோலா என்ற பூஞ்சை. ஐந்தைந்து ஊசியிலைகளாகக் கொத்துவிடும் பைன்களைத்தான் அது பிடிக்கும். ஊசியின் இலைத்துளை வழியாக நுழைந்து, மெல்லக் கிளைக்கும் தண்டுக்கும் இறங்கி, பட்டையைப் புண்ணாக்கும். புண் தண்டை முழுதாகச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் காய்ந்துவிடும்.

ஆனால் சில சுகர் பைன்களில் கதை வேறு மாதிரி இருந்தது. பூஞ்சை நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் சட்டென்று செத்துவிடும். ஊசியில் ஒரு சிறு புள்ளி விழும், அதோடு சரி. உயிருள்ள செல்லை விட்டால் வேறு இரை இல்லாத அந்தப் பூஞ்சை அங்கேயே முடிந்துபோகும். இதற்குக் காரணம் சிஆர்1 என்ற ஒற்றை மரபணு என்று 1970இல் ஆய்வு வெளிவந்தது. நல்ல நம்பிக்கை பிறந்தது. அதே பத்தாண்டு முடிவதற்குள், கலிபோர்னியாவின் வடக்கே ஹேப்பி கேம்ப் பகுதியில் அந்த மரபணு உள்ள மரங்களையே வீழ்த்தும் துரு இனம் வந்துவிட்டது. மேற்கத்திய வெண்பைனில் உள்ள சிஆர்2 மரபணுவையும் மீறும் இனமும் தென்பட்டது.

இந்த இரண்டு மரபணுக்களும் இயற்கையிலேயே மரத்தில் இருந்தவை, யாரும் ஆய்வகத்தில் சேர்த்தவை அல்ல. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். மரபணு எங்கிருந்து வந்தது என்பது பூஞ்சைக்கு ஒரு பொருட்டே இல்லை. தனியாக நிற்கும் எந்தப் பூட்டுக்கும் அது சாவி கண்டுபிடித்துவிடும். வெவ்வேறு வழியில் வேலை செய்யும் பல மரபணுக்களை அடுக்க வேண்டும். கூடவே, நோயை முழுதாகத் தடுக்காமல் மெதுவாக்கும் பழைய, பல மரபணுக்கள் சேர்ந்த எதிர்ப்பையும் கைவிடக் கூடாது.

அந்த மெதுவான எதிர்ப்பை அவசரச் சோதனையில் பார்க்க முடியாது. ஒரிகான் மாநிலத்தில் 1966 முதல் இயங்கும் டொரீனா மரபு வள மையத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் புரியும். துரு பிடித்த ரைபீஸ் என்ற புதரின் இலைகளை வலைமேல் பரப்பி, அதன் கீழே இளம் பைன் கன்றுகளை வைப்பார்கள். பூஞ்சை தன் வாழ்வின் ஒரு பாதியைப் பெரும்பாலும் அந்தப் புதரில் கழிக்கிறது. அறை குளிர்ந்து, மூடுபனி போல ஈரம் நிறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத வித்துகள் இலையிலிருந்து ஊசிகள்மேல் உதிரும். அப்புறம்தான் உண்மையான வேலை: ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, எந்தக் கன்றில் புண் வந்தது, எது புண் வந்தும் பிழைத்தது என்று குறிப்பது. முதல் ஆண்டில் ஊசிப் புள்ளிகளை எண்ணிவிட்டு முடிவு சொல்வது பாதிப் படத்தைப் பார்த்துவிட்டுக் கதை சொல்வது போல.

ஆய்வக மேசையிலும் தவறுகள் காத்திருக்கின்றன. ஊசியிலை மரங்களில் பெரும்பாலும் முதிராத விதையின் கருவிலிருந்து திசு வளர்க்கிறார்கள். வெள்ளையாக, குழகுழவென்று வளரும் அந்தத் திசுவில்தான் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வழியாகவோ, மரபணு பூசிய நுண்துகள்களைச் செலுத்தும் மரபணுத் துப்பாக்கியாலோ புது மரபணுவைச் செலுத்துகிறார்கள். எல்லா விதையின் கருவும் இதற்கு இணங்காது. இணங்கும் ஒன்றிரண்டு வரிசைகளை (ஒரே கருவிலிருந்து வந்த திசுக்களை) மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் பெருக்கினால், காடு முழுக்க ஒரே மரத்தின் நகலாகிவிடும். துரு நோய் வராமல் போகலாம், வேறொரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும். இன்னொன்று, அந்தக் கரு வளர்ந்து எப்படிப்பட்ட மரமாகும் என்று யாருக்கும் தெரியாது. திசுவின் ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டு, மறுபகுதியிலிருந்து வந்த மரங்களை நிலத்தில் பல ஆண்டுகள் பார்த்து, நல்லதாகத் தேறியதை மட்டும் உறையிலிருந்து எடுத்துப் பெருக்குவதே சரியான வழி.

கிரிஸ்பர் என்ற, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறையைப் பயன்படுத்துபவர்கள் மரபணுத் தொகுதியின் அளவை மறக்கக் கூடாது. நார்வே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தொகுதி சுமார் 2,000 கோடி டிஎன்ஏ எழுத்துகள், சுகர் பைனுடையது சுமார் 3,100 கோடி. மனிதனுக்கு 300 கோடிதான். இந்த மரங்களில் ஒரே சாயலில் பல நகல்களும், செயலிழந்த மரபணுக்களும் நிறைய. குறிவைத்தது ஒன்று, வெட்டுப்பட்டது அதன் செத்துப்போன நகல் என்று ஆகிவிடலாம்.

புது மரபணு எந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்காதது மன்னிக்க முடியாத தவறு. செஸ்ட்நட் ஊசியிலை மரம் அல்ல, ஆனாலும் அதன் கதை இங்கே பொருந்தும். கருகல் நோயைத் தாங்க கோதுமை மரபணு சேர்த்த அமெரிக்கச் செஸ்ட்நட்டுக்கு டார்லிங் 58 என்று பெயர். பல ஆண்டுகள் சோதித்த பிறகு, கையில் இருந்தது டார்லிங் 54 என்ற வேறு வரிசை என்று தெரியவந்தது. அதில் மரபணு வேறோர் இடத்தில், மரத்தின் சொந்த மரபணு ஒன்றின் நடுவே உட்கார்ந்திருந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை அந்த மரத்துக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. எத்தனை பேரின் எத்தனை ஆண்டு உழைப்பு!

இனக்கலப்பில் தேர்ந்தெடுத்த மரத்தையும் மரபணு மாற்றிய மரத்தையும் ஒன்றாகப் பேசுவது எழுதுபவர்கள் செய்யும் தவறு. டொரீனாவில் தேர்வாகும் மரங்கள் முதல் வகை. எஃப்எஸ்சி என்ற காட்டுப் பராமரிப்பு அமைப்பின் சான்றிதழ் பெற்ற காடுகளில் இரண்டாவது வகைக்கு இடமில்லை. பெயரைக் குழப்பினால் நல்ல கன்றுகள்மீதும் வீண் சந்தேகம் விழும்.

மகரந்தத்தை வேலி போட்டு நிறுத்திவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். லாப்லாலி பைனின் மகரந்தம் 41 கிலோமீட்டர் தாண்டிய பிறகும் முளைத்ததாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. மரக்கட்டைக்கான தோட்டமென்றால் மகரந்தமும் விதையும் உண்டாகாத மலட்டு மரம் ஒரு வழி. ஆனால் அழியும் காட்டை மீட்க அதே வழியைப் பரிந்துரைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2022 டிசம்பரில் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அமெரிக்கா அறிவித்த வொயிட்பார்க் பைனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூம்பு தானாகத் திறக்காது. கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்ற பறவை அலகால் கொத்தித் திறந்து, விதைகளை மலைச்சரிவில் புதைத்துவைக்கும். அது எடுக்காமல் விட்ட விதையிலிருந்துதான் அடுத்த மரம் வருகிறது. விதையே இல்லாத மரத்துக்கு அந்தப் பறவை ஏன் வரப்போகிறது?