மூச்சையும் உடல்நிலையையும் மாற்றிப் பார்த்தல்: அரிய இரத்தக்குழாய் நெரிப்புகளுக்கான டாப்ளர் பரிசோதனை

அருகிலுள்ள நார்ப்பட்டையோ இன்னொரு குழாயோ இரத்தக்குழாயை நெரிக்கும் நோய்களில், மல்லாந்து படுத்த நிலையில் மட்டும் எடுக்கும் ஸ்கேன் பாதி விடையைத்தான் தரும். மூச்சுக்கும் உடல்நிலைக்கும் (படுத்தல், நிற்றல்) ஏற்ப நெரிப்பு கூடிக் குறைவதால், அந்த மாற்றத்தைப் பதிவுசெய்வதே, ஒலியலையால் இரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் டாப்ளர் பரிசோதனையின் உயிர்நாடி. குடல்வாயு மறைக்காதிருக்க நோயாளி 6 முதல் 8 மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். டாப்ளர் கோணம் (ஒலியலைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம்) 60 பாகையைத் தாண்டலாகாது. தாண்டினால் கோணத்தில் நேரும் சிறு பிழைகூட வேகக் கணக்கைப் பெரிதும் புரட்டிவிடும்.

முதலில் பெருந்தமனியை நீளவாக்கில் காட்டி, வயிற்றுப் பகுதியில் அதன் முன்புறமிருந்து முதலில் கிளைத்து இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு இரத்தம் தரும் சீலியாக் தமனியைப் பிடிக்க வேண்டும். உதரவிதானத்தின் நார்ப்பட்டை இதை அழுத்தினால் (மீடியன் ஆர்குவேட் லிகமென்ட் நோய்), மூச்சை முழுவதும் வெளிவிட்டு நிறுத்தும்போது தமனியின் தொடக்கம் கொக்கிபோல் வளைந்து, அங்கே ஓட்டத்தைக் காட்டும் திரை நிறம் சிதறி, வேகம் எகிறும். ஆழ்ந்து மூச்சிழுத்தாலோ எழுந்து நின்றாலோ தமனி நிமிர்ந்து வேகம் தணியும். வெளிமூச்சில் உச்ச வேகம் நொடிக்கு 350 செ.மீ.க்கு மேலும், இரு மூச்சு நிலைகளுக்கிடையே கோண மாற்றம் 50 பாகைக்கு மேலும் இருந்தால் ஐயம் வலுக்கும். கொழுப்புப் படிவால் வந்த அடைப்பில் இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக இராது. ஆயினும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும் வெளிமூச்சு நெரிப்பு தென்படுவதுண்டு. ஆகவே உணவுக்குப் பின் வலி, எடைக்குறைவு போன்றவை பொருந்தி, வேறு காரணங்கள் விலக்கப்பட்ட பிறகே நோயின் பெயரைச் சொல்வது முறை.

நட்கிராக்கர் நோயில் இடது சிறுநீரகச் சிரை, பெருந்தமனிக்கும், குடலுக்கு இரத்தம் தரும் மேல் மெசென்டெரிக் தமனிக்கும் நடுவே நசுங்கும். சிறுநீரக வாயிலருகிலும் (சிரை சிறுநீரகத்தை விட்டு வெளிவரும் இடம்) நசுங்கிய இடத்திலும் உச்ச வேகத்தை அளந்தால், இரண்டாவது முதலாவதைப்போல் 5 மடங்கோ அதற்கு மேலோ இருப்பது முக்கியத் தடயம். உடல்நிலைக்கேற்ப நெரிப்பு மாறக்கூடும் என்பதால், நிற்கவைத்தும் அளக்க வேண்டும்.

மே-தர்னர் நோயில் இடுப்புப் பகுதியிலுள்ள வலது இலியாக் தமனி இடது இலியாக் சிரையை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. அந்த இடம் தெரியாவிட்டால் இரு தொடைச் சிரைகளையும் ஒப்பிடலாம்: இடப்புறத்தில் மட்டும் மூச்சோடு ஏறி இறங்கும் ஓட்டம் மழுங்கியிருந்தால், மேலே தடை இருக்கக்கூடும், உறுதிப்படுத்த சி.டி. அல்லது எம்.ஆர். சிரைப்படமோ, சிரைக்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்டோ தேவைப்படும்.

அறிக்கையில் ஒவ்வொரு வேகத்துக்கும் பக்கத்தில் மூச்சு நிலையையும் உடல்நிலையையும் தவறாமல் குறிக்க வேண்டும். அவை இல்லாத எண்ணை அடுத்த பரிசோதனையோடு ஒப்பிடவே முடியாது.