பழைய கவுனைப் பிரிக்காமலே பேட்டர்ன் எடுப்பது எப்படி?

உடை வடிவமைப்பு படிக்கும்போது எட்டு வாரம் ஒரு பழைய உடைச் சேகரிப்பில் பயிற்சிக்குப் போனேன். 1930-களிலிருந்து 1950-கள் வரை தைத்த கவுன்களுக்குப் புதிதாகப் பேட்டர்ன் (துணியை வெட்ட உதவும் காகித அச்சு) எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. வகுப்பில் பேட்டர்ன் வரையப் படித்தாயிற்று, இதில் என்ன கஷ்டம் என்ற நினைப்போடு போனேன். முதல் வாரமே அது அடங்கிவிட்டது. கவுனை மேசையில் விரித்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, காடாத் துணியில் வெட்டித் தைத்துப் பொம்மைக்கு மாட்டினேன். ஒரு தோள் தொங்கியது, இடுப்புத் தையல் சாய்ந்து நின்றது. நான் நகலெடுத்தது அன்று வெட்டியவரின் பேட்டர்னை அல்ல, பல வருடம் ஹாங்கரில் தொங்கி இளகிப்போன துணியை.

உங்களுக்கு அந்த ஒரு வாரம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கவுனில் தொடங்கலாம்?

இடுப்பில் தையல் உள்ள, நாலைந்து டார்ட் (உடல் வளைவுக்காகக் கூம்பாக மடித்துத் தைக்கும் மடிப்பு) மட்டும் வைத்த, சாதாரணப் பருத்தி கவுன் நல்லது. 1930-களில் பிரபலமான, முழுக்கக் கிராஸில் (நூலோட்டத்துக்குச் சாய்வாக) வெட்டிய மாலை நேர கவுன்களை முதலில் தொடாதீர்கள். கிராஸ் துணி தன் எடையிலேயே கீழே இழுபடும். எது அசல் நீளம் என்று கண்டுபிடிப்பதற்குள் வெறுத்துவிடும். மிகப் பழைய பட்டும் வேண்டாம். எடை கூட்டுவதற்காக வெள்ளீய உப்பு ஏற்றிய பட்டு, மடிப்பு மடிப்பாக உடையும்.

மேசையில் பேனா இருக்கக் கூடாது, பென்சில் மட்டும். கையைக் கழுவித் துடைத்து, மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள். மெல்லிய குண்டூசி, இன்ச் டேப், ஸ்கேல், மஸ்லின் துணி, பெரிய காகிதம் போதும். உடை வேறொருவருடையது என்றால் கேட்காமல் ஒரு ஊசிகூடக் குத்தாதீர்கள்.

படி 1: அரைமணி நேரம் சும்மா பாருங்கள்

உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். தையலுக்கு விட்ட துணி எவ்வளவு, ஜிப் எங்கே, எந்த ஓரம் கையால் தைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1930, 40-களின் கவுன்களில் உலோகப் பல் வைத்த ஜிப் பெரும்பாலும் இடது பக்கத் தையலில் இருக்கும். முதுகில் நீள ஜிப் வைப்பது அதற்குப் பிறகுதான் பரவலானது.

முக்கியமாகத் தேட வேண்டியது பழைய ஊசித்துளைகளை. தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசைத் துளையோ, வெளுக்காத ஒரு பட்டையோ தெரிந்தால், யாரோ பிரித்து மாற்றித் தைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடைக்கு ரேஷன் இருந்தது. இருப்பதை மாற்றித் தைத்துப் போடுவது அங்கே அன்றாட வேலை. அப்படிப்பட்ட கவுனில் முதலில் தைத்த வடிவத்தை எடுப்பதா, மாற்றிய வடிவத்தை எடுப்பதா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டும். நான் முதல் வடிவத்தைக் கோடாகவும், மாற்றத்தைப் புள்ளிக்கோடாகவும் போடுவேன்.

படி 2: நூலோட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. நெய்த துணியில் பாவு நூல் நீளவாட்டில் போகும், ஊடை நூல் குறுக்கே போகும். தையல் இழுபடலாம், ஓரம் நெளியலாம். ஆனால் வெட்டும்போது பாவு எந்தத் திசையில் இருந்ததோ, அது துணியிலேயே பதிந்திருக்கிறது. முன்பக்க நடுவிலும் முதுகு நடுவிலும் ஒரே பாவு நூலைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக வேறு நிற நூலால் நீள ஓட்டுத்தையல் போடுங்கள். மார்பு மட்டத்திலும் இடுப்புக்குக் கீழேயும் ஊடை நூலைப் பிடித்துக் குறுக்கே ஒன்று. கையின் நடுவில் ஒன்று. சேகரிப்பில் ஓட்டுத்தையலுக்கு அனுமதி இல்லாத உடைகளில் நூலை மேலே வைத்து, இரண்டு முனையில் மட்டும் ஊசியால் நிறுத்தினோம்.

படி 3: இரண்டு பாதியையும் அளவெடுங்கள்

நடுக்கோட்டிலிருந்து பக்கத் தையல் வரை, தோளிலிருந்து இடுப்பு வரை என்று வலதும் இடதும் தனித்தனியாக அளந்து அட்டவணை போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது, பயப்பட வேண்டாம். குறைவாக இழுபட்ட பாதியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் நகலெடுங்கள். இரண்டு அளவுகள் சண்டை போட்டால் பாவு வழியாக எடுத்ததை நம்புங்கள். கழுத்தும் ஆம்ஹோலும் (கையைப் பொருத்தும் வளைவு) கிராஸாக ஓடுவதால் அவைதான் முதலில் இளகும். வளைவை அளக்கும்போது டேப்பைப் படுக்கவைக்காமல் அதன் விளிம்பில் நிறுத்தி வளைத்தால் கணக்கு சரியாக வரும்.

படி 4: மஸ்லினுக்கு மாற்றுங்கள்

மஸ்லினில் முதலில் நெட்டுக்கு ஒன்றும் குறுக்கே ஒன்றும் பென்சில் கோடு போடுங்கள். கவுனில் போட்ட ஓட்டுத்தையல் மேல் இந்தக் கோடுகளைப் பொருத்தி ஊசி குத்துங்கள். அங்கிருந்து தையலை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே போங்கள், இழுக்காதீர்கள். தையல் பள்ளம் நகத்துக்குத் தட்டுப்படும். அந்த வழியே ஊசிகளை வரிசையாக நிறுத்தி, ஊசி நின்ற இடத்தில் மட்டும் லேசாகப் புள்ளி வையுங்கள்.

டார்ட் வரும் இடத்தில் மஸ்லின் உப்பும். கவுனில் டார்ட் இருக்கும் அதே கோட்டில் மஸ்லினையும் மடித்துப் பிடித்து, மடிப்பின் இரண்டு பக்கமும் நுனியும் குறித்துக்கொள்ளுங்கள். பிரித்தால் டார்ட்டின் அளவு கிடைத்துவிடும்.

சுருக்கம் வைத்த பாவாடையை இப்படி எடுக்க முடியாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. துணியில் பூவோ கட்டமோ இருந்தால், கீழே விரிந்திருக்கும் இடத்தில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூ வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் சுருக்கத்துக்குள் எத்தனை பூ என்று எண்ணுங்கள். 6 செ.மீ.க்கு ஒரு பூ, 14 பூ என்றால் அந்தத் துண்டின் அகலம் 84 செ.மீ. இதைச் சொல்லிக்கொடுத்த மேற்பார்வையாளருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கை கடைசியில். ஆம்ஹோலை விடக் கையின் மேல் வளைவு பொதுவாக 2.5 முதல் 4 செ.மீ. கூடுதலாக இருக்கும், அந்தக் கூடுதல்தான் தோளில் உருண்டு உட்காரும். இரண்டும் சமமாக வந்தால் எங்கோ தட்டையாக அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். இறுக்கமான முழுக்கை என்றால் முழங்கையில் குட்டி டார்ட் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: காகிதத்தில் சரிபார்த்தல்

மஸ்லினைக் காகிதத்தில் விரித்துப் புள்ளிகள் வழியே ஊசியால் குத்தி, கோடாக இணையுங்கள். சேர்த்துத் தைக்கும் இரண்டு ஓரங்களும் ஒரே நீளமா, டார்ட்டின் இரண்டு கால்களும் சமமா என்று பாருங்கள். இடுப்புக் கோட்டை டார்ட்டை மடித்து வைத்துக்கொண்டு வரையுங்கள், இல்லையென்றால் தைத்த பிறகு அங்கே பள்ளம் விழும். அசல் கவுனில் தையலுக்கு எவ்வளவு விட்டிருந்தார்கள் என்பதை ஓரத்தில் எழுதிவிட்டு, நீங்கள் 1.5 செ.மீ. விடுங்கள். ஆம்ஹோலில் முன்பக்கத்துக்கு ஒரு வெட்டுக்குறி (துண்டுகளைப் பொருத்த ஓரத்தில் போடும் சின்ன அடையாளம்), பின்பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொரு துண்டிலும் நூலோட்ட அம்பு கட்டாயம்.

படி 6: மாதிரி தைத்தல்

ஏறக்குறைய அதே கனமுள்ள காடாத் துணியில் தைத்து, படி 3-இன் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். போட்டுப் பார்க்க வேண்டியது இந்த மாதிரியைத்தான், அசலை யாருக்கும் மாட்டாதீர்கள். இடுப்பு நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாகத் தெரியும். உள்ளே இறுக்கமான உள்ளாடை போட்டு அணிந்த காலம் அது. அதற்காக மூலப் பேட்டர்னைப் பெரிதாக்காதீர்கள். அதை ஒரு பிரதி எடுத்து, உங்கள் அளவுக்கான மாற்றங்களைப் பிரதியில் செய்யுங்கள்.

எல்லாம் ஒத்துவந்ததும் துண்டுகளை எட்டில் ஒரு பங்கு அளவில் ஒரே தாளில் வரைந்துவிடுங்கள். உடை வரலாற்று ஆய்வாளர் ஜேனட் ஆர்னல்ட் 1964-இலிருந்து வெளியிட்ட வரைபடங்களும் இந்த அளவில்தான். பேட்டர்னைப் போட்டு வைக்கும் உறையின் மேல் தேதி, எந்தப் பாதியை நகலெடுத்தீர்கள், எந்த அளவு ஊகம் என்று மூன்றையும் எழுதுங்கள். என் முதல் உறையில் மூன்றாவதை எழுதவில்லை. அந்தக் காலர் ஊகமா நிஜமா என்று தெரியாமல் ஏழாவது வாரத்தில் முழுதாக மறுபடி எடுத்தேன்.