பிரவுசர் அப்டேட் ஆனதும் எக்ஸ்டென்ஷன் முடங்கிவிட்டதா?

குரோம் புதுப் பதிப்புக்கு மாறியதும் ஏதாவது எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு புரோகிராம்) வேலை செய்யாமல் போனால், அவசரப்பட்டு 'ரிமூவ்' கொடுத்துவிடாதீர்கள். நீக்கினால் அதில் நீங்கள் செய்து வைத்த செட்டிங்ஸும் சேர்ந்தே போய்விடும்.

முதலில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, எக்ஸ்டென்ஷன்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'டெவலப்பர் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை ஆன் செய்ததும் இடப்பக்கம் மேலே 'அப்டேட்' பட்டன் தெரியும். அதை ஒரு முறை அழுத்தினால் எல்லா எக்ஸ்டென்ஷன்களுக்கும் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று குரோம் உடனே தேடிப் பார்க்கும். தானாக நடக்கும் வேலைதான், ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள்.

பயர்பாக்ஸில் இன்னும் சுலபம். கண்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தி, பல்சக்கரப் படத்தைத் தட்டினால் அப்டேட் தேடும் வசதி அங்கேயே இருக்கிறது.

அப்டேட்டே வராத சிலவும் உண்டு. விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஒரிஜின் அப்படித்தான். 'மேனிஃபெஸ்ட் வி2' என்ற பழைய முறையில் எழுதப்பட்டது அது. அந்த முறையை 2025இல் குரோம் கைவிட்டுவிட்டது. குரோமிலேயே இருக்க வேண்டும் என்றால் அதே ஆள் எழுதிய யூபிளாக் ஒரிஜின் லைட் போடலாம். சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதும். எதைத் தடுக்க வேண்டும் என்று சொந்தமாக ஃபில்டர் எழுதி வைத்துப் பழகியவர்களுக்கு அது பற்றாது. பயர்பாக்ஸுக்கு மாறிவிடுவதே நல்லது, அங்கே பழைய யூபிளாக் முழுதாக ஓடுகிறது.