யாழ்ப்பாணப் பேச்சில் மீம் செய்வது எப்படி?

தமிழ்நாட்டு நகைச்சுவைக் காட்சியொன்றின் படத்துக்குக் கீழே சென்னைப் பேச்சில் ஒரு வரியை எழுதி, ஓரத்தில் 'யாழ்ப்பாணம்' என்று போட்டுவிட்டால் அது நம்முடைய மீம் ஆகிவிடாது. படம் எங்கிருந்தும் வரலாம், ஆனால் வசனம் ஊரிலிருந்து வரவேண்டும். 1976இல் 'மீம்' என்ற சொல்லை உருவாக்கிய உயிரியலாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸ், ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பின்பற்றுவதால் பரவும் பண்பாட்டுக் கூறையே அப்படிக் குறித்தார். இன்றைய மீமோ பின்பற்றும்போது எதை மாற்றுகிறோம் என்பதில்தான் உயிர்வாழ்கிறது.

முதலில் படத்தைத் தேடாதீர்கள், சம்பவத்தைத் தேடுங்கள். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன நண்பர் ஒன்பதரைக்குத் தொலைபேசியில் "இந்தா வெளிக்கிட்டிட்டன்" என்கிறார்; அதே நேரம் அவருக்குப் பின்னால் கிணற்றுக்குள் வாளி விழும் சத்தம் கேட்கிறது. இதற்குப் பொருந்துவது, பொய் சொல்லிக்கொண்டே சாந்தமாக இருக்கும் ஒரு முகம். வடிவேலுவின் காட்சிகளில் அத்தகைய முகங்களுக்குக் குறைவில்லை.

அடுத்து வசனம். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மேலே நண்பரின் வார்த்தை, கீழே தொலைபேசியில் தூரத்தில் கேட்கும் அவருடைய தாயாரின் குரல்: "உவன் இன்னும் குளிக்கேல்லை." இதை 'அவன் இன்னும் குளிக்கவில்லை' என்று திருத்தினால் இலக்கணம் பிழைத்துக்கொள்ளும், சிரிப்பு செத்துவிடும். அவனும் அல்லாத, இவனும் அல்லாத அந்த 'உவன்' ஒன்றிலேயே தாயாரின் சலிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே பேசுவதைப் பேசுகிறபடியே எழுதுங்கள்.

எழுத்துருவில் கவனம் தேவை. நம்மிடையே இன்னும் புழங்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால், பல செயலிகளில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். எனவே யுனிகோட்டில் எழுதுங்கள். சில செயலிகள் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும் என்பதால், 'கொ', 'பே' போன்றவை சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே படத்தைச் சேமியுங்கள். 1080க்கு 1080 பிக்சல் சதுரமும், கறுப்பு விளிம்பிட்ட வெள்ளை எழுத்தும் கைப்பேசித் திரைக்குப் போதுமானவை.

மீம் பரவுவதற்கு உறுதியான சூத்திரம் இல்லை. 2019 மே மாதத்தில் வடிவேலு நடித்த நேசமணி என்ற பாத்திரம் உலகமெங்கும் பேசப்பட்டது, முகநூலில் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு அதன் பெயரைக் கேட்டதற்கு ஒருவர், இதுதான் ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலையில் விழுந்தது என்று முகம் கோணாமல் பதில் எழுதியதால்தான். அது திரைப்படப் பாத்திரம் என்று அவர் விளக்கியிருந்தால் விடயம் அங்கேயே முடிந்திருக்கும். நேரமும் முக்கியம்: வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியைப் பற்றிய மீம் தைப்பொங்கலை ஒட்டி வரவேண்டும், நல்லூர்த் திருவிழாவோ 25 நாட்கள் தவணை தருகிறது.

தெரியாதவரின் படத்தை எடுக்காதீர்கள், தெரிந்தவரின் படத்தையும் கேட்காமல் எடுக்காதீர்கள். திருமணப் பந்தியில் உறங்கிய உறவினர் ஒருவரை நான் மீம் ஆக்கியதில், அவர் வீட்டில் எனக்குத் தேநீர் கிடைக்க ஒரு வருடம் ஆயிற்று.

பதிவிடுவதற்கு முன் ஒருவருக்கு மட்டும் விளக்கமின்றி அனுப்புங்கள். அவர் "உது என்ன?" என்று கேட்டால், படத்தை விட்டுவிட்டு வசனத்தை மாற்றுங்கள்.