வசந்தத்தில் அவசரம் வேண்டாம்: புல்லை நம்பி இறைச்சி விற்கும் பண்ணைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைக்கும் அலெகெனி மலைகளுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஷெனன்டோவா பள்ளத்தாக்கு. மாடும் செம்மறியும் நிறைந்த பகுதி. அங்கே பல குடும்பங்கள் இரண்டையும் ஒன்றாக வளர்த்து, இறைச்சியை நேராக வீடுகளுக்கு விற்கின்றன. பால்குடி மறந்த நாளிலிருந்து வெட்டுக்குப் போகிற நாள் வரை பச்சைப் புல், காய்ந்த புல், தாது உப்பு, இவ்வளவுதான் தீவனம். மக்காச்சோளமோ சோயாவோ கிடையாது. அதனால் ஏதாவது தப்பு நடந்தால் ஒரு மூட்டையை அவிழ்த்துப் போட்டு ஈடுகட்ட முடியாது. புல்லைக் கெடுத்தால் அந்த வருடமே கெட்டது.

மார்ச் கடைசியில் வயல் லேசாகப் பச்சை காட்டத் தொடங்கும். கொட்டகையில் காய்ந்த புல் கட்டுகள் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். மாடுகள் வேலியோரம் நின்று கத்தும். அதே நேரத்தில்தான் ஆடுகள் குட்டி போடும், பசுக்கள் கன்று ஈனும், ஈஸ்டருக்கு இறைச்சி கேட்டு வாடிக்கையாளர்கள் போன் செய்வார்கள். இந்த ஆறேழு வாரத்தில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவை அல்ல. அவசரத்தால் வருபவை.

பச்சை தெரிந்ததும் பட்டியைத் திறப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். குளிர்காலம் முடிந்து வரும் முதல் இலை, வேரில் இருக்கும் சேமிப்பை எடுத்துச் செலவு செய்து வளர்கிறது. அந்த இலை வெயிலில் சமைத்து, செலவானதைத் திருப்பிக் கட்டுவதற்கு முன்பே மாடு அதைக் கடித்துவிட்டால், செடி மறுபடியும் சேமிப்பில் கை வைக்கும். இப்படி இரண்டு முறை நடந்தால் நல்ல புல் பின்வாங்கி, களை முன்னால் வந்துவிடும்.

அமெரிக்க வேளாண் துறையில் இருந்த ஃபிராங்க்ளின் கிரைடர் 1955-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேய்ச்சல் வகுப்புகளில் சொல்லப்படுகிறது. செடியின் இலையில் பாதி வரை வெட்டினால் வேர் வளர்ச்சி ஏறக்குறைய பாதிக்கப்படுவதில்லை. 60 சதவீதம் வெட்டினால் வேர்களில் சுமார் பாதி நின்றுவிடுகிறது. 80 சதவீதம் போனால் வேர் வளர்ச்சி மொத்தமாகவே பல நாட்களுக்கு நின்றுபோகிறது. பாதிக்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் மேயும் மாட்டுக்குக் கூடுதலாக ஒரு நாள் தீவனம், அவ்வளவுதான். நிலத்துக்கோ அது ஜூலை வெயிலைத் தாங்குகிற வேர்.

ஆகவே புல் 8 அங்குலம் வந்த பிறகு உள்ளே விடுங்கள், 4 அங்குலம் இருக்கும்போதே வெளியே எடுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் இது பெரும்பாலும் ஏப்ரல் நடுவில்தான் வரும். அதுவரை எல்லா வயலையும் மிதிக்க விடாமல், ஏதாவது ஒரு வயலை மட்டும் ஒதுக்கி, அங்கேயே காய்ந்த புல் போட்டு நிறுத்தி வையுங்கள். அந்த ஒரு வயல் சேறாகிப் போகும், பரவாயில்லை. பிறகு அதில் விதை தூவிச் சரி செய்யலாம். ஈர மண்ணில் 500 கிலோ மாடு பண்ணை முழுக்க நடந்தால், மண் இறுகிப்போய் ஒவ்வொரு குளம்படியும் கோடை வரை அப்படியே கிடக்கும்.

அப்புறம் மே மாதத்தில் நேர் எதிரான சிக்கல் வரும். மாடுகள் தின்று தீர்க்க முடியாத வேகத்தில் புல் வளரும். அப்போதும் ஏப்ரலில் போட்ட அட்டவணைப்படியே வயலை மாற்றிக்கொண்டிருப்பது தப்பு. புல் மெதுவாக வளரும்போது மெதுவாகச் சுற்ற வேண்டும், வேகமாக வளரும்போது வேகமாகச் சுற்ற வேண்டும். மாடுகளால் மேய்ந்து முடிக்க முடியாத வயல்களை மேய்க்காமல் விட்டு, அந்தப் புல்லை வெட்டிக் காயவைத்து அடுத்த குளிர்காலத்துக்குக் கட்டி வைக்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு விஷயம். 1943-இல் பரப்பப்பட்ட கென்டக்கி 31 என்ற ஃபெஸ்க்யூ புல்தான் இங்கே எங்கும். வறட்சி, மிதி, எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் அதன் உள்ளே வாழும் ஒரு பூஞ்சை விஷம் சுரக்கிறது. மாட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, உடல் சூட்டை வெளியேற விடாது. எடை ஏறாது, சினை பிடிப்பது குறையும். விஷம் அதிகம் சேர்வது கதிரில். எனவே மே மாதத்தில் கதிர் வரும் முன் மேய்த்தோ வெட்டியோ விட வேண்டும். க்ளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடியைச் சேர்த்து விதைத்தால் மாடு தின்னும் ஃபெஸ்க்யூவின் பங்கு குறையும். க்ளோவர் நிறைந்த வயலில் பசித்த மாட்டைப் பனி காயும் முன் விடாதீர்கள். வயிறு உப்பி, ஓரிரு மணி நேரத்தில் செத்துவிடலாம். முதலில் காய்ந்த புல் கொடுத்து வயிற்றை நிரப்பி, பிறகு அனுப்புங்கள்.

ஒரே தாது உப்பை மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைப்பது

இளம் வசந்தப் புல்லில் பொட்டாசியமும் நைட்ரஜனும் அதிகம், மக்னீசியம் குறைவு. குளிர்ந்த மண்ணிலிருந்து செடி மக்னீசியத்தைச் சரியாக இழுக்காது, மாட்டின் வயிற்றிலோ பொட்டாசியம் அதை உடம்பில் சேர விடாது. கன்று ஈன்று இரண்டு மாதத்துக்குள் இருக்கும், பால் நிறையக் கொடுக்கும், வயதான பசுக்களைத்தான் இந்த மக்னீசியக் குறைபாடு அடிக்கும். காலையில் நன்றாக மேய்ந்த மாடு மாலையில் தள்ளாடி விழுந்து, வலிப்பு வந்து சாகும். பலர் அடையாளத்தைப் பார்ப்பதே இல்லை, மாடு செத்துக் கிடப்பதைத்தான் பார்க்கிறார்கள்.

உடம்பில் மக்னீசியத்தைச் சேர்த்து வைத்து வேண்டும்போது எடுக்கும் வசதி மாட்டுக்குக் கிடையாது. தினமும் உள்ளே போக வேண்டும். 10 முதல் 14 சதவீதம் மக்னீசியம் உள்ள தாது உப்பை, புல்லுக்கு விடுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, மாடு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும்படி பாருங்கள். மக்னீசியம் கசக்கும். பக்கத்தில் வெறும் உப்புக்கட்டி இருந்தால் மாடு அதைத்தான் நக்கும், இதைத் தொடாது. எனவே வேறு உப்பு எதுவும் வைக்கக் கூடாது.

சரி, இதில் எங்கே ஆபத்து என்றால், மாட்டுக்கான தாது உப்பில் பெரும்பாலும் தாமிரம் கலந்திருக்கும். செம்மறி ஆட்டால் தாமிரத்தை எளிதில் வெளியேற்ற முடியாது. அது மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வண்டியில் ஏற்றியதாலோ, குளிர் மழையாலோ ஆடு சற்று நலிந்தால், ஈரல் மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, இரண்டு நாளில் உயிர் போகும். அந்தக் கட்டத்தில் மருத்துவரால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

பலர் தவறவிடும் இன்னொரு வழியும் இருக்கிறது. ஷெனன்டோவா பள்ளத்தாக்கு கோழி, வான்கோழி வளர்ப்புக்குப் பேர் போனது. கோழி எரு மலிவு என்பதால் மேய்ச்சல் நிலங்களில் கொட்டுவார்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கும் தாமிரம் எருவிலும் வரும், அதனால் அந்த வயல் ஆட்டுக்கு ஆபத்து. அதே எருவில் இருக்கும் பொட்டாசியத்தால், முன்னே சொன்ன வலிப்பு மாட்டுக்கும் வரலாம். கோழி எரு போட வேண்டுமென்றால் மண் பரிசோதனை செய்துவிட்டு, காய்ந்த புல்லுக்காக வெட்டும் வயலில் போடுவது நல்லது. தாது உப்பு விஷயத்தில், மாட்டுத் தொட்டியை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆட்டுக்கு அதற்கென விற்பதை மட்டும் வாங்குங்கள்.

குளிர்ந்த குட்டியைத் தவறான வரிசையில் காப்பாற்றுவது

பிறந்த குட்டி எழுந்து மடியைத் தேடுகிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. காம்பில் அடைப்பு இருக்கும், பீய்ச்சி எடுத்துப் பார்க்க வேண்டும். 4 கிலோ குட்டிக்கு முதல் சில மணி நேரத்துக்குள் 200 மில்லி சீம்பால் போக வேண்டும், முதல் நாளுக்குள் மொத்தம் 800 மில்லி. அந்த நாள் முடிவதற்குள் குடல் கதவை மூடிவிடும். பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அதில் உள்ள நோய் எதிர்ப்பு சக்தி ரத்தத்தில் சேராது.

குளிர்ந்து கிடக்கும் குட்டியைக் கண்டதும் கை பதறும், புரிகிறது. ஆனாலும் முதலில் வெப்பமானியை எடுங்கள். 39 முதல் 40 டிகிரி சரியான சூடு. 37-க்குக் கீழே போய், குட்டி பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், அதன் உடம்பில் எரிக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த நிலையில் நேராக விளக்கடியில் வைத்தால், சூடு ஏற ஏற ரத்தத்தில் உள்ள கடைசி சர்க்கரையும் தீர்ந்து வலிப்பு வந்து செத்துவிடும். முதலில் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி, பிறகுதான் சூடு. அந்த ஊசியை எப்படிப் போடுவது என்று குட்டி போடும் பருவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். இப்போதுதான் பிறந்த குட்டி என்றால் துடைத்துச் சூடேற்றி, பிறகு பால் கொடுக்கலாம். தலையைத் தூக்க முடியாத குட்டிக்குக் குழாய் வழியாகப் பால் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

வெப்ப விளக்கு கழன்று வைக்கோலில் விழுந்து கொட்டகை எரிவது ஒவ்வொரு குளிர்காலமும் எங்காவது நடக்கிறது. சங்கிலியில் கட்டுங்கள், ஒற்றைக் கொக்கியை நம்பாதீர்கள். துள்ளுமாரி, டெட்டனஸ் தடுப்பூசி தாய்க்குக் குட்டி போடுவதற்கு ஒரு மாதம் முன்பே போட வேண்டும், அப்போதுதான் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். நஞ்சுக்கொடியை வயலில் கிடக்க விடாதீர்கள். கருங்கழுகுகள் வரும், அவை புதிதாகப் பிறந்ததை உயிரோடு கொத்தும். 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் அனுமதி இல்லாமல் சுட முடியாது.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் புழு மருந்து

குட்டி போடும் சமயத்தில் தாயின் எதிர்ப்பு சக்தி சரியும். குளிர்காலம் முழுக்க இரைப்பைச் சுவரில் உறங்கிய ஹீமாங்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் புழு விழித்துக்கொள்ளும். ஒரு பெண் புழு நாளைக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடும். இதற்குப் பயந்து மந்தை மொத்தத்துக்கும் மருந்து ஊற்றினால், தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அசராத புழுக்கள் மட்டும். அடுத்த வருடம் அவற்றின் பிள்ளைகள்தான் வயல் நிறைய இருக்கும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா முறையில், கீழ் இமையை இழுத்து உள்ளே எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அட்டையோடு ஒப்பிட்டு, தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பார்கள். இங்கேதான் அந்த 4 அங்குலப் புல் மறுபடி உதவுகிறது. புழுவின் இளம் பருவம் பெரும்பாலும் புல்லின் அடி 2 அங்குலத்துக்குள்தான் இருக்கும். ஆடு மேய்ந்த வயலில் அடுத்து மாட்டை விட்டால், மாடு தின்னும் ஆட்டுப் புழுக்களில் பெரும்பகுதி மாட்டின் வயிற்றில் வளராமல் அழியும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

மெலிந்த மாட்டை ஏப்ரலில் வெட்டுக்கு அனுப்புவது

குளிர்பெட்டி காலி, வாடிக்கையாளர் கேட்கிறார், கையில் பணமில்லை. அந்த நெருக்கடியில் குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல் தின்று எடை ஏறாமல் நின்ற காளையை அனுப்பிவிடுவார்கள். கொழுப்பு ஏறாத மாட்டின் இறைச்சி கடினமாக இருக்கும், மேலே கொழுப்புப் படலம் இல்லாததால் குளிரறையில் இரண்டு வாரம் தொங்கவிட்டுப் பதப்படுத்தவும் முடியாது, வற்றிப்போகும். ஒருமுறை அதைத் தின்றவர் புல்லில் வளர்த்த இறைச்சியே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார். மாடு நல்ல புல்லில் இரண்டு மூன்று மாதம் விடாமல் எடை ஏற வேண்டும். தானியம் தின்னும் மாடு ஒன்றரை வயதுக்குள் தயாராகும், புல் தின்னும் மாட்டுக்கு இரண்டு வயதோ அதற்கு மேலோ ஆகும். ஈஸ்டர் ஆட்டிறைச்சியும் அப்படித்தான். மார்ச்சில் பிறந்த குட்டி அந்த ஈஸ்டருக்கு எப்படித் தயாராகும்? இலையுதிர் காலத்தில்தான் கிடைக்கும் என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அரை மாடு முன்பதிவு எடுக்கும்போது எடையை விளக்காமல் விடுவதும் மனக்கசப்பில் முடியும். 550 கிலோ மாடு தோல், தலை, குடல் நீக்கித் தொங்கும்போது சுமார் 300 கிலோ. எலும்பும் கொழுப்பும் கழித்துப் பொட்டலமாக வருவது 180 முதல் 195 கிலோ. அரை மாடு வாங்கியவர் வீட்டுக்குப் போவது 90 கிலோவுக்குச் சற்று மேல். விலையோ பெரும்பாலும் தொங்கும் எடைக்கு. இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே தாளில் எழுதிக் கொடுங்கள்.

பொட்டலமாகச் சந்தையில் விற்க, அரசு ஆய்வாளர் இருக்கும் கூடத்தில் வெட்டியிருக்க வேண்டும். மாட்டின் உரிமையாளருக்காக மட்டும் வெட்டித் தரும் கூடங்களின் பொட்டலத்தில் விற்பனைக்கு அல்ல என்று முத்திரை இருக்கும், அதை விற்றால் சட்டமீறல். ஆய்வு உள்ள சிறிய கூடங்கள் குறைவு. 2020 கொரோனா காலத்தில் ஒரு வருடம் தாண்டியும் தேதி கிடைக்காமல் பண்ணைகள் தவித்தன. அக்டோபரில் தயாராகும் மாட்டுக்கு அக்டோபரில் இடம் தேடாதீர்கள். கன்று ஈனும் இந்த வசந்தத்திலேயே கூடத்துக்குப் போன் செய்து தேதியை வாங்கி, நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். எந்த மாடு என்பதை ஆகஸ்டில் முதுகையும் வால் அடியையும் தடவி, கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.